குப்பை இரும்பும் காணாமற்போன காசும்



புனித லூக்கா எழுதிய நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் மூன்று உவமைகள் அடுத்தடுத்து வருகின்றன. காணாமற்போன ஆட்டைத் தோளில் சுமந்துவரும் ஆயனின் படம் நம்மவர் வீடுகளில் பலவற்றில் தொங்குகிறது. ஊதாரி மைந்தனைப் பற்றித் தவக்காலத்தில் பிரசங்கம் கேளாதவர் நம்மில் எவருமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட ஒரு பெண் இருக்கிறாள். அவளை மட்டும் நாம் அவசரமாகக் கடந்துபோய்விடுகிறோம். பத்துத் திராக்மாக்களில் ஒன்றைத் தொலைத்துவிட்டவள் அவள். விளக்கை ஏற்றுகிறாள், வீட்டைப் பெருக்குகிறாள், கண்டடையும் வரையும் கவனமாகத் தேடுகிறாள். நற்செய்தியாளர் அவளுக்குக் கொடுத்திருப்பது இரண்டே வசனந்தான். ஆயினும் அந்தப் பெருக்குதலைப் பற்றிச் சற்று நின்று யோசிக்கவேண்டியிருக்கிறது.

திராக்மா என்பது ஒரு கூலியாளின் ஒருநாட் சம்பளம். அன்றாடம் உழைத்து உண்ணும் வீட்டில் அது சிறிய தொகையன்று. கலிலேயாவில், கப்பர்நாகும் ஊரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வீடுகளின் தரை கருங்கல் பாவியது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கு. சாளரங்கள் சிறியவை. ஆகவே பகலிலும் விளக்கில்லாமல் மூலை தெரியாது. இப்படிப்பட்ட தரையில் விளக்குமாறு போட்டால் காசு மட்டும் தனியே புறப்பட்டு வருமோ? ஒலிவக் கொட்டை வரும், மீன்முள் வரும், உடைந்த சட்டியின் ஓடு வரும், வளைந்த ஆணி வரும். கல்லில் எது உரசினாலும் ‘கிண்’ என்று ஒரு சத்தம் கேட்கும். சத்தம் கேட்குந்தோறும் அவள் குனிந்து பார்த்திருப்பாள். குனிந்த தடவைகளில் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் வீண் என்று நாம் சொல்லலாம். ஆனால் எந்தத் தடவை அந்த ஒன்று என்பது குனியுமுன்னே அவளுக்குத் தெரியாதே!

இதே வேலையை நமது மண்ணில் இன்றும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மடுத் திருப்பதிக்கு யாத்திரை போகும் குடும்பங்கள் ஏ-9 வீதியில் எழுதுமட்டுவாளைத் தாண்டியதும் முகமாலைக்கு வருகிறார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து 2009இன் தொடக்கம் வரைக்கும் முன்னரங்காக இருந்த நிலம் அது. போருக்குப் பின்வந்த ஆண்டுகளில் அவ்வழியே பயணஞ்செய்தவர்கள் தலையிழந்து நின்ற தென்னைகளையும், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளையும், பலகைகளுக்கு அப்பால் தடிகள் நட்டு ஒடுங்கிய பாதைகளாகப் பிரித்திருந்த காணிகளையும் கண்டிருப்பார்கள். அந்த ஒடுங்கிய பாதைகளில், கனத்த கவச அங்கி அணிந்து, முகமறைப்புக்குள் வியர்வை வழிய, முழந்தாளில் நின்றவர்களில் பலர் பெண்கள். கணவனை இழந்தவர்களும், தனியே குடும்பத்தைத் தாங்குகிறவர்களும் அவர்களுக்குள் அநேகர். மிதிவெடி அகற்றுவது அவர்கள் தொழில். 2002இலிருந்து ஒழுங்கான முறையில் வடக்கில் தொடங்கி, இடையில் போரினால் குழம்பி, 2009க்குப் பின்னர் மறுபடியும் தொடர்ந்த பணி இது.

அவர்கள் கையிலிருக்கும் கருவியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நீண்ட பிடியின் நுனியில் ஒரு கம்பிச் சுருள். அதில் மின்சாரம் ஓடும்போது சுற்றிலும் காந்தப்புலம் ஒன்று உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் அதிலும் மெல்லிய மின்னோட்டம் எழுகிறது. அந்த எழுச்சியைக் கருவி உணர்ந்து காதில் ஒலியாகத் தருகிறது. அவ்வளவுதான். அது ஆணியா, ரவைக்கோதா, மிதிவெடியா என்று கருவிக்குத் தெரியாது. அதிலும் பெரிய சங்கடம் என்னவெனில், சில மிதிவெடிகளின் உடல் முழுவதும் பிளாஸ்டிக். ஒரு சிறு சுருள்கம்பி, ஒரு ஊசிமுனை, அவ்வளவே அதனுள் இருக்கும் உலோகம். அந்த ஊசிமுனையைக் கேட்கவேண்டுமானால் கருவியின் செவியைக் கூர்மையாக்கவேண்டும். செவி கூர்மையானால் மண்ணிலுள்ள எல்லாக் குப்பையும் சேர்ந்து கத்தத் தொடங்கும்.

முன்னரங்காக இருந்த நிலத்தில் குப்பைக்குக் குறைவேது? எறிகணைச் சன்னங்கள், ரவைக்கோதுகள், முட்கம்பித் துண்டுகள், பதுங்குகுழிக் கூரையின் தகரம், இறைச்சிப் பேணி, மீன்பேணி, சோடா மூடி, அதற்கும் முன்பு அங்கே குடியிருந்த குடும்பத்தின் கதவுப் பிணைச்சல், சைக்கிள் கம்பி, பிள்ளையின் விளையாட்டுச் சாமான். கம்போடியா நாட்டில் 1992 தொடக்கம் 1998 வரையில் நடந்த பணியின் கணக்கொன்று உண்டு. அக்காலத்தில் எடுக்கப்பட்ட ஆளெதிர் மிதிவெடிகள் ஏறக்குறைய 90,000. அவற்றைத் தேடும்போது மண்ணிலிருந்து எடுக்கவேண்டியிருந்த வெறும் உலோகத் துண்டுகளோ ஏறக்குறைய 20 கோடி. வகுத்துப் பாருங்கள்: ஒரு மிதிவெடிக்கு இரண்டாயிரத்துக்கும் மேலான குப்பை!

ஒவ்வொரு சத்தத்துக்கும் நடைபெறும் சடங்கு ஒன்றே. நிற்கவேண்டும். இடத்தை அடையாளமிடவேண்டும். முழந்தாளிடவேண்டும். சத்தம் வந்த இடத்துக்கு நேரே மேலிருந்து தோண்டாமல், சற்றுப் பின்னால் தள்ளிப் பள்ளமிட்டு, பக்கவாட்டாக மெல்ல மெல்ல மண்ணை அகற்றி நெருங்கவேண்டும். அழுத்தத்தால் வெடிக்கும் பொருளின் மேற்புறத்தில் கருவி படாதிருக்கவே இந்தச் சுற்றுவழி. இவ்வளவுக்குப் பிறகு வெளியே வருவது ஒரு கறள் பிடித்த ஆணி. அதை வாளிக்குள் போட்டுவிட்டு எழும்பவேண்டும், மறுபடியும் சத்தம், மறுபடியும் முழந்தாள்.

அன்பர்களே, இந்தத் தொழிலில் ஒருவரின் பெரும் பகைவன் எது என்று நினைக்கிறீர்கள்? வெயிலுமல்ல, அச்சமுமல்ல. பழக்கந்தான். இரண்டாயிரம் தடவை ஆணியைக் கண்டவர் இரண்டாயிரத்தோராவது தடவை சத்தம் கேட்கும்போது, ‘இதுவும் ஆணிதான்’ என்று அவருடைய மனம் சொல்லும். மனம் சொல்வதில் பெரும்பாலும் உண்மையும் இருக்கும். அதனாலேயே அது பொல்லாதது. ஆகையினாற்றான் மனம் சொல்வதைக் கேட்க அங்கே எவருக்கும் அனுமதியில்லை. ஒலியை வைத்து ஊகிப்பது தடை. மேற்பார்வை செய்கிறவர் அதற்காகவே பின்னால் நடந்துவருகிறார்.

நமது வீடுகளுக்கு வருவோம். தினமும் காலையில் வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளை ஒன்று இருக்கும். பள்ளிக்கூடம் போகப் பஞ்சியில் சொல்கிறான் என்று தாய்க்குத் தெரியும். பத்துத் தடவை அது பஞ்சிதான். பதினோராவது தடவை, அங்கே வகுப்பில் ஒருவன் அவனை அடித்துத் துன்புறுத்துகிறான் என்பதை வேறெப்படிச் சொல்வதென்று தெரியாமல் பிள்ளை அதே வயிற்றுவலியைச் சொல்கிறது. சத்தத்தில் வித்தியாசமில்லை. இருமிக்கொண்டே கிடக்கும் வயோதிபத் தகப்பனை எண்ணிப் பாருங்கள். ‘அப்பு எப்போதும் அப்படித்தான்’ என்று சொல்லாத வீடு எது? கடன்காரன் வந்துபோன அன்று மனைவி வழக்கம்போலப் புறுபுறுக்கிறாள். கணவன் வழக்கம்போல வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறான். வழக்கம்போல என்ற சொல்லுக்குள் எத்தனை ஆபத்து மறைந்து கிடக்கிறது! ஒவ்வொரு முறைப்பாடும் உண்மை என்று நான் சொல்லவரவில்லை. ஆணி ஆணிதான். ஆனால் தோண்டிப் பார்த்த பிறகல்லவோ அது ஆணி?

மனச்சாட்சியைச் சோதிப்பதிலும் இதுவே நடக்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருகிறவர்கள் பலர் போனதடவை சொன்னதையே இந்தத்தடவையும் சொல்கிறார்கள். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், பூசைக்குப் பிந்தி வந்தேன். குருவானவருக்கும் அது மனப்பாடமாகிவிடக்கூடும். ‘கோபப்பட்டேன்’ என்ற அந்த ஒரே சத்தத்துக்குக் கீழே இந்தமுறை கிடப்பது தம்பியோடு காணிப் பங்கில் வந்த தீராத பகையாயிருக்கலாம். மிதிவெடி அகற்றுகிறவர்களிடம் இதற்கும் ஒரு விதியுண்டு: ஆணியை எடுத்தவுடன் அந்த இடம் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. எடுத்த குழிக்கு மேலே கருவியை மறுபடியும் பிடித்துப் பார்க்கவேண்டும். மேலே கிடந்த ஆணியின் சத்தம் கீழே கிடப்பதன் சத்தத்தை மூடியிருக்கக்கூடும். சொல்வதற்கு எளிதான பாவத்தைச் சொல்லி முடித்ததும் எழும்பிவிடாமல், அந்தக் குழிக்கு மேலே இன்னொருமுறை காதைக் கொடுத்தால் என்ன கேட்கும்?

சில இடங்களில் இரும்புக் குப்பை அவ்வளவு நெருக்கமாகக் கிடக்கும். கருவி ஓயாமல் ஒலிக்கும். எந்தச் சத்தம் எதற்குரியதென்று பிரிக்கவே முடியாது. குடாநாட்டின் மணற்பாங்கான நிலத்தில் அப்படியான இடங்களுக்குக் கருவியை ஒருபுறம் வைத்துவிட்டு, இரும்புப் பற்கள் கொண்ட வாரிகளால், மேல்மண்ணைக் குறித்த ஆழம்வரை அணு அணுவாக வாரி எடுத்தார்கள். குறுக்குவழி இல்லையென்று கண்டபோது நிலம் முழுவதையும் கைகளால் புரட்டினார்கள். வேறு சில நாடுகளில் பழக்கிய நாய்களையும், பெரிய பையெலிகளையும் விடுகிறார்கள். இந்தப் பிராணிகள் தேடுவது வெடிமருந்தின் மணத்தை. இரும்பு எவ்வளவு கிடந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை. இறைவன் படைத்த ஒரு எலியின் மூக்கு மனிதனின் கருவியைவிட மேலாக இருப்பதைக் கேட்டு நாம் சற்றுச் சிரித்துக்கொள்ளலாம்.

இனி இதற்கு மறுபுறத்தைப் பார்ப்போம். இங்கிலாந்து போன்ற நாடுகளில் இதே வகைக் கருவியைப் பொழுதுபோக்காகத் தூக்கிக்கொண்டு, வயல்களிலும் கடற்கரைகளிலும் பழங்காசு தேடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குப்பையைத் தோண்டப் பொறுமையில்லை. தோண்டாவிட்டால் உயிருக்கு ஆபத்துமில்லை. ஆகவே அவர்களுடைய கருவிகளில் ஒரு வசதி செய்யப்பட்டிருக்கிறது. இரும்புக்கு ஒலிக்காதே, தகரத்தாளுக்கு ஒலிக்காதே என்று திருகிவிட்டால் கருவி அவற்றுக்கு மௌனமாகிவிடும். வெள்ளிக்காசுக்கு மட்டும் இனிமையாகப் பாடும். எவ்வளவு நல்ல ஏற்பாடு!

ஆனால் பழகியவர்கள் அந்தத் திருகை நம்புவதில்லை. அலுமினியப் பேணியைத் திறப்பதற்கு விரலைக் கொடுத்து இழுக்கும் வளையம் இருக்கிறதல்லவா, குடித்துவிட்டு மணலில் எறிந்துபோகிறார்களே, அந்த வளையத்தைக் கருவி எப்படிக் கேட்கிறதோ, அப்படியே ஒரு பொன் மோதிரத்தையும் கேட்கிறது. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும், ஒரே தொனியில் ஒலிக்கும். பேணி வளையத்துக்குக் காதை மூடிக்கொண்டவன் அதே திருகலில் கலியாண மோதிரத்துக்கும் காதை மூடிக்கொண்டான். தன் காலுக்குக் கீழே பொன் கிடந்தும் கருவி வாய்திறவாது. அவனோ இந்தக் கடற்கரையில் ஒன்றுமில்லையென்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

இன்னுமொன்று. கறள் ஆணிக்குப் பக்கத்தில் வெள்ளிக்காசு கிடந்தால், ஆணியை ஒதுக்கும்படி கட்டளை பெற்ற கருவி காசையும் சேர்த்து ஒதுக்கிவிடுவதுண்டு. இதைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் பெரிய சுருளைக் கழற்றிவிட்டுச் சிறிய சுருளைப் பூட்டுவார்கள். கையை மிக மெதுவாக ஆட்டுவார்கள். ஒரு திசையில் தேடிய இடத்தைக் குறுக்காக இன்னொரு திசையிலிருந்தும் தேடுவார்கள். ஆணியும் காசும் அப்போதுதான் பிரிந்து கேட்கும். அவர்களிடையே அனுபவத்தால் வந்த ஒரு அறிவும் உண்டு: குப்பை சற்றுமில்லாத நிலத்தில் காசுமிருப்பதில்லை. மனிதர் நெடுங்காலம் வாழ்ந்த இடத்தில் இரண்டும் கலந்தே கிடக்கும்.

நமது பங்குகளிலும் இந்தத் திருகு இருக்கிறது. ஒருவன் குடிகாரன் என்று ஊர் ஒருநாள் தீர்மானித்துவிட்டால், பிறகு அவன் வாயிலிருந்து எது வந்தாலும் நமக்குக் கேட்பதில்லை. அவன் கோவில் கூட்டத்தில் எழுந்து நல்லதொரு யோசனை சொன்னாலும், ‘உவனோ?’ என்று ஒரு சிரிப்பு. ஓடிப்போய்க் கலியாணம் செய்த பெண், சோதனையில் மூன்றுதரம் தவறிய பையன், வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிவந்தவன், பெயர் தெரியாத தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை, இவர்களுக்கெல்லாம் நமது கருவி ஒலிக்காதபடி எப்போதோ திருகி வைத்திருக்கிறோம். பரிசேயனாகிய சீமோனும் அப்படித்தான் திருகி வைத்திருந்தான். அவனுடைய விருந்து மண்டபத்தில் ஒரு பெண் கண்ணீரால் ஆண்டவருடைய பாதங்களை நனைத்தபோது, அவனுக்குக் கேட்டது ‘பாவி’ என்ற ஒரே தொனி. ஆண்டவருக்குக் கேட்டதோ அவளுடைய மிகுந்த அன்பு. சுங்கச்சாவடியில் இருந்த மத்தேயுவை அவ்வழியே போன எத்தனை பக்திமான்கள் பார்த்திருப்பார்கள்! அவர்களுக்கு அங்கே ஒரு தகரத்துண்டுதான் கிடந்தது.

பிறரைத் தேடுகிறவன் தன்னையும் பார்க்கவேண்டும் என்பதற்கு, இக்கருவியின் பிறப்புக் காலத்திலேயே நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. 1881 யூலை 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்ட் வாஷிங்டன் புகையிரத நிலையத்தில் சுடப்பட்டார். ஒரு குண்டு உடலுக்குள் தங்கிவிட்டது. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகம் பெல், உடலைக் கீறாமல் குண்டைக் கண்டறியக் கம்பிச் சுருள்களும் தொலைபேசிக் குழாயும் கொண்ட ஒரு கருவியை இரவுபகலாக உழைத்துச் செய்துகொண்டு வந்தார். ஆகஸ்ட் 1ஆம் திகதி நோயாளியின் உடல்மீது அதைப் பிடித்தபோது ஓரிடத்தில் மட்டுமல்ல, பரந்த இடமெங்கும் மெல்லிய சத்தம் கேட்டது. கருவி பிழையோ என்று அவர் மனம் நொந்தார். பிறகே தெரியவந்தது, ஜனாதிபதி கிடந்த கட்டிலின் மெத்தைக்குக் கீழே உருக்குக் கம்பிகளாலான இன்னொரு மெத்தை இருந்தது! தேடியது நோயாளியின் உடலுக்குள். சத்தம் வந்தது படுக்கையிலிருந்து.

அதோடு முடியவில்லை. குண்டு வலது பக்கத்தில் இருப்பதாகத் தலைமை வைத்தியர் முன்னமே முடிவுகட்டிவிட்டார். அந்தப் பக்கத்தில் மட்டுமே தேட அனுமதித்தார். செப்டெம்பர் 19ஆம் திகதி ஜனாதிபதி இறந்தபின் உடலைப் பரிசோதித்தபோது குண்டு முதுகெலும்புக்கு இடது பக்கத்தில் இருந்தது. கருவியின் காது நல்ல காதுதான். அதைப் பிடித்த கைக்கு இடப்பக்கம் போக விடுதலை இல்லை.

எந்த மனிதனைக் கண்டாலும், அவனிடத்தில் எங்கே தொட்டாலும், குற்றமே ஒலிக்கிறது என்று சொல்கிறவர்கள் நம்மிடையே உண்டு. பங்குச் சுவாமியாரில் குறை, மூப்பரில் குறை, பாடகர் குழுவில் குறை, அடுத்த வீட்டில் குறை, மருமகளில் சொல்லவே வேண்டாம். சத்தம் ஓரிடத்தில் கேட்டால் அங்கே ஏதோ உண்டு. எல்லா இடத்திலும் ஒரேமாதிரிக் கேட்குமானால், தாம் கிடக்கும் மெத்தையை ஒருமுறை தூக்கிப் பார்ப்பது நல்லது. வயலில் தேடுகிறவர்கள்கூட உருக்குக் கவசம் வைத்த சப்பாத்தோடு கருவியை ஆட்டமாட்டார்கள். ஒவ்வோர் அடிக்கும் சொந்தச் சப்பாத்துக்கே அது கத்தும். சகோதரனின் கண்ணிலுள்ள துரும்பைப் பற்றி ஆண்டவர் சொன்னதை இங்கே நான் விரிக்கத் தேவையில்லை.

புதையலைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லாமல் விட்டால் பிழை. ஏனெனில் நமது ஊர்களில் இது வெறும் உவமை அல்ல.

1992 நவம்பர் 16ஆம் திகதி இங்கிலாந்தின் சஃபொக் மாவட்டத்தில், ஹொக்ஸ்ன் என்னும் கிராமத்தில், ஒரு விவசாயி வயலில் தொலைத்துவிட்ட சுத்தியலைத் தேடிக் கொடுக்க அவருடைய நண்பர் கருவியோடு போனார். சுத்தியலைத் தேடியவருக்கு உரோமர் காலத்துப் பொற்காசுகளும் வெள்ளிக்காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் கிடைக்கத் தொடங்கின. மொத்தம் ஏறக்குறைய 15,000 காசுகள். அந்த மனிதரை நான் மெச்சுவது அவர் கண்டெடுத்ததற்காக அல்ல, நிறுத்தியதற்காக. சிறிது எடுத்தவுடனே தோண்டுவதை நிறுத்தி, உரியவர்களுக்கு அறிவித்தார். அதனால் அகழ்வாராய்ச்சியாளர் வந்து, அவை வைக்கப்பட்டிருந்த மரப்பெட்டியின் அடையாளம் உட்பட யாவற்றையும் ஒழுங்காகக் கண்டறிந்தார்கள். அரசு கொடுத்த 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் வெகுமதியை அவர் விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் பிற்பாடு கிடைத்தது. அதுவும் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நிலத்தில் மறைந்திருந்த புதையலைப் பற்றிய ஆண்டவரின் உவமையிலும், கண்டவன் இரவில் வந்து தோண்டிக்கொண்டு ஓடவில்லை. போய்த் தனக்குள்ள யாவற்றையும் விற்று அந்த நிலத்தை வாங்கினான். புதையலை மட்டும் வாங்க வழியில்லை. கல்லும் முள்ளும் குப்பையும் உட்பட நிலம் முழுவதையும் வாங்கினான். மணவறையில் நிற்கும் இளம் தம்பதிகளுக்கு இந்த வசனத்தைச் சொல்வது வழக்கமில்லை. சொன்னால் நல்லதென்று நான் நினைப்பதுண்டு.

வன்னியிலும் குடாநாட்டிலும் இப்போது வேறுவிதமான தேடல் நடக்கிறது. எங்கோ பொன் புதைக்கப்பட்டிருக்கிறது என்ற கதையை நம்பி, கருவியொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இரவில் பிறர் காணிகளுக்குள் இறங்குகிறவர்களைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் ஒருபுறமிருக்கட்டும். அவர்கள் காதில் ஒலிப்பது எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பயிற்சி பெற்றவர் கவசத்தோடு முழந்தாளிட்டு அரைமணி நேரத்தில் நெருங்கும் சத்தத்தை, இவர்கள் மண்வெட்டியை ஓங்கி நேரே மேலிருந்து நெருங்குகிறார்கள்.

பழைய இரும்பு பொறுக்குகிறவர்களின் நிலை வேறு. அவர்களைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள், வீட்டில் அரிசியில்லை, காட்டோரத்தில் இரும்பு கிடக்கிறது. வெடியாத எறிகணையொன்றைச் செம்புக்காகவும் பித்தளைக்காகவும் வாளால் அறுத்தும் சுத்தியலால் தட்டியும் உயிரையும் கைகால்களையும் இழந்தவர்கள் நமது மாவட்டங்களில் இருக்கிறார்கள். பிள்ளைகளும் அதில் அகப்பட்டிருக்கிறார்கள். எங்கேயிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்று ஒரு கேள்வியும் கேளாமல் தராசில் போடுகிறவர்கள் இதற்கு ஆண்டவருடைய சந்நிதியில் கணக்குச் சொல்லவேண்டியிருக்கும் என்பதை மட்டும் வெளிப்படையாகவே சொல்லிவைக்கிறேன். வறுமைப்பட்ட அந்தக் குடும்பங்கள் நமது பங்கு எல்லைக்குள் இருப்பின், அவர்கள் காட்டோரம் போகாமலிருக்க நாம் என்ன செய்தோம் என்று வின்சென்ட் டி போல் சபையினர் அடுத்த கூட்டத்தில் பேசட்டும்.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் 1997 டிசம்பரில் கையெழுத்திட்டவர்களுள் பரிசுத்த சிங்காசனமும் ஒன்று. நமது நாடு 2017 டிசம்பரில் அதில் சேர்ந்தது. உடன்படிக்கை எழுதுவதற்கு ஒரு பேனை போதும். எடுப்பதற்கோ ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு முழந்தாள் வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குப் போகும் சகோதரிகள் சிலர் காலை ஐந்து மணிக்கு முன்னரே சமைத்து வைத்துவிட்டு வாகனத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஞாயிறு பூசையில் அவர்களுக்காக ஒரு மன்றாட்டுச் சேர்த்துக்கொள்வது எந்தப் பங்குக்கும் கடினமானதல்ல.

நவம்பர் மரித்த விசுவாசிகளின் மாதம். சேமக்காலைகளைத் துப்புரவு செய்யும் வேலை பல பங்குகளில் தொடங்கும். மீள்குடியேறிய ஊர்களில் நெடுங்காலம் ஆள் நடமாட்டமில்லாமல் கிடந்த சேமக்காலைகளும் கோவில் வளவுகளும் இருக்கின்றன. அங்கே பற்றையை வெட்டிக் குவித்து, அந்த இடத்திலேயே நெருப்பு வைப்பது நம்மவர் வழக்கம். மண்ணுக்குள் வெடிபொருள் கிடந்தால் மேலே எரியும் நெருப்பின் சூட்டிலேயே அது வெடித்துவிடக்கூடும். ஆகையால் அந்தக் காணி வெடிபொருள் அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்பதைக் கிராம சேவையாளரிடம் முதலில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அறியும் வரைக்கும் நெருப்பும் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம். இரும்பாலான, இன்னதென்று விளங்காத எதையாவது கண்டால் தொடாமலும் தட்டாமலும் கல்லெறியாமலும் வந்த காலடி வழியே திரும்பி வந்து, தூரத்திலேயே ஒரு கம்பை நட்டு அடையாளம் வைத்து, பொலிசாருக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லுங்கள். மறைக்கல்வி ஆசிரியர்கள் வருகிற ஞாயிறு வகுப்பில் இதைப் பிள்ளைகளுக்கு இரண்டுதரம் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைக்கவேண்டும். ‘சும்மா பழைய இரும்பு’ என்று சொல்லும் பிள்ளை எது என்று கவனித்து, அந்தப் பிள்ளைக்கு மூன்றாந்தரமும் சொல்லட்டும்.